முதல் சுற்றில் யாருக்கு யார்

மூன்று வருஷமாகிறது. கோபம் தணியவில்லை, தணிக்க நான் முயலவும் இல்லை. ஆனால் கோபத்தில் எழுதினால் திகதி பிசகும். திகதி பிசகினால் மற்றதையும் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஆகவே நடந்ததை நடந்த வரிசையிலேயே வைக்கிறேன்.

மலேரியாக் காய்ச்சல் அடங்கிய மறு வருஷம் அது. காய்ச்சல் வருஷத்தில் கண்டியில் கூடைப்பந்துப் போட்டி நடக்கவில்லை. வாவிக்கு மேலே நாங்கள் ஆடும் மைதானத்தை ஒட்டிய மண்டபத்தில் கொயினா மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மறு வருஷம் தை மாதம் மீண்டும் தொடங்கியபோது எட்டு அணிகள் பெயர் கொடுத்தன. ஏழு பழைய அணிகள். எட்டாவது மஹய்யாவ.

மஹய்யாவ அணியில் ஆடியவர்கள் நகரத்துத் தெருக்களையும் சாக்கடைக் கான்களையும் சுத்தமாக வைத்திருந்த தொழிலாளர்கள். பழைய அணிகளில் முக்கியமானது கந்தோர் அணி. அலுவலக எழுதுவினைஞர்கள், பெரும்பாலும் வடக்கிலிருந்து வந்தவர்கள், கத்தோலிக்கர்கள். நானும் கிளாக்கர்தான், கத்தோலிக்கன்தான். ஆனால் என் தகப்பனார் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையாக இருந்தவர், நான் பிறந்தது இங்கேதான். கந்தோர்ச் சங்கத்தில் எனக்கும் ஒரு கதிரை இருந்தது. பந்தைப் பிடிக்க வராததால் பென்சிலைப் பிடித்தேன். எல்லா ஆட்டங்களுக்கும் புள்ளி எழுதுபவன் நான்.

போட்டி நடந்த விதத்தையும் சொல்லிவிட வேண்டும். எட்டு அணிகளும் நாலு நாலாக இரண்டு பிரிவு. பிரிவுக்குள் ஒவ்வொருவரும் மற்ற மூவரோடும் ஒரு தடவை ஆடுவார்கள். அதன் பிறகு முதல் சுற்று. ஒரு பிரிவில் முதலாவதாக வந்தவர் மற்றப் பிரிவின் நாலாவதோடும், இரண்டாவதாக வந்தவர் மற்றப் பிரிவின் மூன்றாவதோடும் மோத வேண்டும். தோற்றவர் வீட்டுக்குப் போகலாம்.

இதில் ஒரு வழக்கம் இருந்தது. முதல் சுற்றில் யாருக்கு யார் என்பதை முன்கூட்டி அறிவிக்க மாட்டார்கள். அந்தச் சனிக்கிழமை எட்டு அணிகளும் உடுப்பு மாற்றி மைதானத்துக்கு வந்து நின்ற பிறகு, சனத்துக்கு முன்னால் செயலாளர் பதிவேட்டைத் திறந்து வாசிப்பார். முழுப் புள்ளிகளும் இரண்டு இடத்தில்தான் இருந்தன: அவருடைய பதிவேட்டிலும் என் கொப்பியிலும். இந்த வழக்கத்தைச் செயலாளரின் சோம்பல் என்றே நான் நினைத்திருந்தேன். அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர். ஒரு கடிதம் எழுத மூன்று நாள் எடுப்பவர்.

ஆகவே, கடைசிப் பிரிவு ஆட்டங்களுக்கு முந்திய திங்கட்கிழமை, கொப்பியைப் பார்த்துக் கணக்குப் போட்டு, யாருக்கு யார் வருவார்கள் என்ற என் எதிர்வுகூறலை ஒரு தாளில் எழுதி மண்டபத்து அறிவித்தல் பலகையில் ஒட்டுவேன். ஆட்டங்கள் முடிந்த மறு திங்கட்கிழமை திருத்திய தாளை ஒட்டுவேன். இப்படி நாலு பருவம். ஒரு தடவைகூடப் பிழைத்ததில்லை. பலகைக்கு முன்னால் கூட்டம் நிற்பதைத் தூரத்திலிருந்து பார்ப்பது எனக்குப் பிடிக்கும். அதையும் மறைக்கவில்லை.

அந்த வருஷத்து முதல் தாளில் இரண்டாவது வரி: கந்தோர், மஹய்யாவ. கந்தோர் அணி அதன் பிரிவில் இரண்டாவது. கடைசி ஆட்டம் தெல்தெனியவோடு. தெல்தெனிய அதுவரை ஒரு ஆட்டமும் வென்றதில்லை. மஹய்யாவ மற்றப் பிரிவில் மூன்றாவது. கடைசி ஆட்டம் அக்குறணை முஸ்லிம் வியாபாரிகளோடு. அக்குறணை இரண்டாவது, பலமான அணி. எதுவும் மாறாது என்று எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை, கந்தோரில், கந்தோர் அணித் தலைவர் என் மேசைக்கு வந்தார். உயரமானவர், நல்ல ஆட்டக்காரர், எனக்கு ஒரு படி மேலே வேலை.

“ஐசே, உம்மட தாளைப் பாத்தன். இது வலு நிச்சயமோ?”

“நாலு வருஷத்துல ஒருக்காவும் பிழைச்சதில்ல.”

“நாங்கள் தெல்தெனியாவிட்டத் தோத்தால் என்ன மாதிரி?”

“தெல்தெனியகிட்டத் தோக்கணும்னா நீங்க அஞ்சு பேரும் கண்ணக் கட்டிக்கிட்டுத்தான் ஆடணும்.”

“சும்மா கேக்கிறன். சொல்லும் பாப்பம்.”

சொன்னேன். பெருமையாகச் சொன்னேன். தோற்றால் நீங்கள் மூன்றாவது. அப்போது அக்குறணை வருவார்கள். கூடை வித்தியாசத்தையும் எழுதிக் காட்டினேன். அவர் அந்தத் துண்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“அக்குறணை ஆக்கள் பரவாயில்லை,” என்றார்.

அதை ஆட்டத்தைப் பற்றிய அபிப்பிராயம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை பின்னேரம் நாலரை. மழை இல்லை, தரை காய்ந்திருந்தது. கந்தோர் அணி தெல்தெனியவிடம் தோற்றது. எப்படித் தோற்றது என்பதை எழுதவே கூசுகிறது. வளையத்துக்கு நேர் கீழே பந்தோடு நின்ற ஒருவர், மேலே பார்க்காமல் அதைப் பின்னால் நின்றவருக்குக் கொடுத்தார். பின்னால் நின்றவர் கோட்டுக்கு வெளியே எறிந்தார். தெல்தெனியக்காரர்கள் முதலில் பயந்துபோய், ஏதோ பொறி என்று எண்ணிக் கொஞ்ச நேரம் பந்தைத் தொடவே தயங்கினார்கள். பக்கத்தில் நின்ற அக்குறணைத் தலைவர் என் கொப்பிக்கு மேலே குனிந்தார்.

“தம்பி, இவங்கட பந்துக்கு இண்டைக்குக் கண் தெரியல்ல போல ஈக்கி.”

எனக்கு அப்போதுதான் அந்தச் சட்டைப் பை ஞாபகம் வந்தது.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கந்தோர் அணி எல்லாருடனும் கிரிக்கெட் ஆடும். கிரிக்கெட்டில் ஒருவன் இருபத்திரண்டு கஜம் தள்ளி நின்று பந்து எறிவான், மற்றவன் மட்டையால் அடிப்பான். இரண்டு உடம்புகளுக்கு நடுவே எப்போதும் புல் இருக்கும். கூடைப்பந்தில் மார்போடு மார்பு முட்டும், ஒருவன் வேர்வை மற்றவன் கையில் ஒட்டும். அது போதாதென்று எங்கள் போட்டியில் ஆட்டம் முடிந்ததும் இரு அணியும் ஒரே வாங்கில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்க வேண்டும். பழைய அணி ஊற்றிக் கொடுக்கும். புதிய அணி வாங்கிக் குடிக்கும். எல்லாக் கோப்பைகளும் ஒரே வாளியில் கழுவப்படும். கந்தோர் அணி ஓடியது மஹய்யாவவின் ஆட்டத்துக்குப் பயந்து அல்ல. அந்தக் கோப்பைக்குப் பயந்து.

அடுத்த ஆட்டம் மஹய்யாவவும் அக்குறணையும். தொடங்குவதற்கு முன் மஹய்யாவ அணித் தலைவர் என் மேசைக்கு வந்தார். கான் வெட்டுகிறவர்; தோள்கள் கதவகலம். கந்தோர் ஆட்டத்தை அவரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

“கிளாக்கரய்யா, இப்ப அவங்க மூணாவதா?”

“மூணாவது.”

“நாங்க இந்த ஆட்டத்த ஜெயிச்சா?”

கொப்பியைப் பார்க்கவே தேவையில்லை. “ஜெயிச்சா நீங்க ரெண்டாவது. அப்ப அவங்களோடதான்.”

அவர் தலையாட்டினார். “மூணு வருஷமா வேலி ஓரத்துல நின்னு அவங்க ஆடுறதப் பாத்துத்தாங்க நாங்க பழகினோம். பந்த எப்படிப் புடிக்கிறது, எப்படித் திரும்புறது, எல்லாம் அவங்களப் பாத்துத்தான். அவங்களோட ஒருக்கா ஆடணும். தோத்தாலும் சரி.”

தன் ஆட்களிடம் போய் அவர் என்ன சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை. நான் புள்ளி எழுதிய ஆட்டங்களில் அதைப்போல ஒன்றை அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. அக்குறணை விட்டுக் கொடுக்கவில்லை. கடைசி நிமிஷம்வரை சமம். ஒரே கூடையால் மஹய்யாவ வென்றது. வாங்கில் அக்குறணைத் தலைவர் தன் கையாலேயே தேத்தண்ணி ஊற்றினார். மைதானத்து வளையங்கள் அவருடைய கடையிலிருந்து வந்தவை.

“எங்கட இரும்பாலயே எங்களத் தூக்குல போட்டீங்க. குடிங்க, குடிங்க. சீனி காணுமா?”

“காணுங்க முதலாளி. ஒங்க ஆளுங்க இடிச்ச இடிக்கு மருந்துதான் காணாது.”

வாங்கு முழுவதும் சிரித்தது. கந்தோர் அணி அதற்குள் போய்விட்டிருந்தது.

இனி வருவது என் பிழை. திங்கட்கிழமை நான் திருத்திய தாளை ஒட்டினேன். மற்ற வரிகளைக் கறுப்பு மையில் எழுதினேன். கந்தோர், மஹய்யாவ என்ற வரியைச் சிவப்பு மையில். ஓடினீர்களே, இப்போது எங்கே ஓடுவீர்கள் என்று சிரித்துக்கொண்டே ஒட்டினேன். அவர்கள் வந்து வாசிப்பதைப் பார்க்க வேண்டும் என்பதற்காக மண்டபத்திலேயே அரை மணி நேரம் நின்றேன். வந்தார்கள். வாசித்தார்கள். போனார்கள்.

மறுநாள் கந்தோர் அணியிடமிருந்து செயலாளருக்கு ஒரு கடிதம் போனது. அடுத்த நாள் விபூதிப் புதன். ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தபசு காலம் தொடங்குகிறது. எங்கள் அங்கத்தவர்கள் தபசு காலத்தில் விளையாட்டுகளைத் துறந்திருக்க விரும்புவதால், வருகிற சனிக்கிழமை ஆட மாட்டோம்.

கொப்பிகளைப் புரட்டினேன். காய்ச்சல் வருஷத்துக்கு முந்திய வருஷம், தபசு காலத்து இரண்டாவது சனிக்கிழமை, இதே முதல் சுற்று, இதே கந்தோர் அணி. ஆடினார்கள், வென்றார்கள், தேத்தண்ணியோடு கேக்கும் தின்றார்கள். கேக்கையும் எழுதி வைத்திருந்தேன்.

வியாழக்கிழமை அந்தக் கொப்பியைக் கந்தோர் அணித் தலைவரின் மேசையில் விரித்தேன். அவர் நிதானமாக வாசித்தார்.

“ஓம். ஆடியிருக்கிறம்.”

“அப்ப இந்தக் கடிதம்?”

“அப்ப எங்களுக்குப் பக்தி குறைவு, ஐசே. காய்ச்சல் வந்து போனபிறகு கூடியிருக்கு.”

பக்கத்து மேசைக்காரர் பேனாவைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

“ஞாயித்துக்கிழமை கோயில்ல ஒரே கிராதியில மஹய்யாவக்காரங்களோட முழங்கால்ல நின்னு நன்மை அப்பம் வாங்குறீங்களே.”

“அங்க சுவாமியார் எல்லோ குடுக்கிறார்,” என்றார் அவர், கொப்பியை மூடி என் பக்கம் தள்ளி. “இங்க நாங்கள் ஊத்திக் குடுக்க வேணும்.”

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வெட்கம் இல்லை, வெறுப்பும் இல்லை. ஒரு கோப்பில் எந்தத் தாள் எங்கே போக வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுக்கும்போது இருக்கும் அதே முகம். அந்த முகத்தை மூன்று வருஷமாக எல்லா வேலைநாட்களிலும் பார்க்கிறேன்.

அன்று பின்னேரமே கொப்பியைத் தூக்கிக்கொண்டு செயலாளர் வீட்டுக்கு ஏறினேன். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார், கழற்றினார்.

“பொய்தான். எனக்குத் தெரியாதே? ஆனால் தபசு எண்டு ஒருத்தன் எழுதினால் நான் என்ன செய்யிறது? சுவாமியாரிட்டப் போய், இவையள் தபசு இருக்கக் கூடாது எண்டு சொல்லட்டோ?”

“அப்ப நீங்க மஹய்யாவக்காரங்களுக்கு என்ன சொல்லப் போறீங்க?”

“அவையள் ஆடாமலே வெல்லினம். அடுத்த சுற்றுக்குப் போகினம். என்ன குறை?”

நான் உரத்துப் பேசினேன். என்ன பேசினேன் என்பதை எழுதி வைக்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“நாங்கள் ஏன் அண்டைக்கு, மைதானத்தில வைச்சு வாசிக்கிறது எண்டு எப்பவாவது யோசிச்சீரோ? போட்டி தொடங்கேக்கை நாங்கள் நாலு பேர் இருந்து யோசிச்சு வைச்சது அது. உடுப்பு மாத்தி, சனத்துக்கு முன்னால வந்து நிண்டாப் பிறகு ஒருத்தனும் திரும்பிப் போகமாட்டான். மனம் இல்லாட்டிலும் வெக்கத்துக்கு ஆடுவான். ஆடினால் வாங்கில இருப்பான். இருந்தால் குடிப்பான். இப்பிடித்தான் அக்குறணை ஆக்களோட இவையள் குடிக்கப் பழகினது. நீர் ஒரு கிழமைக்கு முதலே தாள் ஒட்டினால் அவனுக்குக் கடிதம் எழுத நேரம் கிடைக்குமெல்லோ.”

“நாலு வருஷமா ஒட்டுறேன். ஏன் சொல்லல?”

“நாலு வருஷமும் மஹய்யாவ இல்லையே.”

படியிறங்கும்போது கோபத்தை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. கந்தோர்க்காரர்கள் மீது வைத்திருந்தது அப்படியே இருந்தது. இப்போது அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

சனிக்கிழமை, பெப்ரவரி இருபத்தொன்பது. லீப் வருஷத்தின் அந்த ஒரு நாள். மஹய்யாவ அணி நாலு மணி பத்து நிமிஷத்துக்கே வந்தது, எட்டுப் பேர், வெள்ளைப் பெனியனில் சிவப்புத் துணிப் பட்டி தைத்து. கடிதத்தைப் பற்றி அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். இருந்தும் வந்தார்கள். வேலிக்கு அப்பால் அவர்களுடைய வீட்டுக்காரர்கள், பெண்கள்கூட, நின்றார்கள். மைதானத்தின் மறுபாதி வெறுமையாக இருந்தது.

எதிரணி வராவிட்டால் செய்ய வேண்டியதற்குச் சட்டம் இருந்தது. நடுவர் விசில் ஊதுவார். வந்த அணி ஐந்து நிமிஷத்துக்குள் ஒரு கூடை போட வேண்டும். போட்டால் வெற்றி. போடாவிட்டால் அந்த அணியும் ஆடவில்லை என்று கணக்கு, இரண்டும் வெளியே.

விசில் ஊதியது. மஹய்யாவத் தலைவர் பந்தை எடுத்துக்கொண்டு நடுக் கோட்டில் நின்றார். நகரவில்லை.

“போடும் ஐசே,” என்றார் நடுவர். “ஒரு கூடை. அலுவல் முடிஞ்சுது.”

“யாருக்கு எதுராங்க போடுறது?”

“ஒருத்தருக்கும் எதிராய் இல்லை. சட்டம் அப்பிடி.”

“அப்ப நான் வீட்டுலயே போட்டுட்டு வந்துருப்பேனே. எங்க லயத்துச் செவத்துலயும் ஒரு வளையம் இருக்குங்க.”

அவருடைய ஆட்களில் இளையவர் ஒருவர் கிட்டே வந்தார். “போடுண்ணே. அடுத்த வாரம் வேற ஆளுங்களோட ஆடலாம்ல.”

“அடுத்த வாரத்துக்காரனுக்கும் ஒரு தபசு வரும்டா.”

மூன்று நிமிஷம். நாலு. என் கையில் கடிகாரம் இருந்தது. நான்தான் நிமிஷங்களைச் சொல்ல வேண்டும். சொன்னேன். வேலிக்கு அப்பால் யாரோ “போடுய்யா” என்றார்கள். ஐந்தாவது நிமிஷம் முடிய, அவர் பந்தைக் கோட்டின் மேல் வைத்தார். உருண்டு போகாமல் இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தி வைத்தார். எட்டுப் பேரும் வரிசையாக வெளியே நடந்தார்கள். அக்குறணைக்காரர்கள் எழுந்து வழிவிட்டார்கள். அவர்களின் தலைவர் நெஞ்சில் கை வைத்தார்.

செயலாளர் என் மேசைக்கு வந்தார். ஆட்டத் தாளில் ஒரு முடிவு எழுதப்பட வேண்டும். புள்ளி எழுதியவன் கையெழுத்திட வேண்டும்.

“எழுதும்: இரு அணியும் ஆட முன்வரவில்லை.”

எழுதினேன். கையெழுத்தும் இட்டேன். செயலாளர் அதை வேலிக்கு அப்பாலும் கேட்கும்படி வாசித்தார்.

ஏன் என்று என்னையே பல தடவை கேட்டிருக்கிறேன். ஒருவரும் பயமுறுத்தவில்லை. தாளில் அந்த இடம் காலியாக இருந்தது. சொல்லுகிறவர் மேலே இருந்தார். என் கை கிளாக்கரின் கை. சரித்திரங்கள் நிறைய வாசித்தவன் நான். அரண்மனையில் இருந்துகொண்டு ராஜா சொன்னபடி எழுதினவர்களைப் பற்றி வாசிக்கும்போது ஓரத்தில் ஏளனமாகக் குறிப்பு எழுதுவது என் பழக்கம். அந்தப் பத்து வினாடியில் எனக்கு ஒரு குறிப்பும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து என் சொந்தக் கொப்பியில் உண்மையை எழுதினேன்: மஹய்யாவ, எட்டுப் பேர், நாலு பத்துக்கு வந்தார்கள், ஐந்து நிமிஷம் காத்தார்கள், எதிரணி வரவில்லை. ஆனால் என் கொப்பியை யார் கேட்கப் போகிறார்கள். திங்கட்கிழமை செயலாளரிடம் போய்ப் பதிவேட்டைத் திருத்தச் சொன்னேன். அவர் அதைத் திறந்து, உள்ளே ஒட்டியிருந்த ஆட்டத் தாளை என் பக்கம் திருப்பினார்.

“ஆர்ட ஒப்பம் இது?”

“என்னோடது.”

“அப்ப நான் என்னத்தைத் திருத்த?”

பலகையில் அதற்குப் பிறகு நான் தாள் ஒட்டுவதில்லை. கந்தோர் அணி மறு வருஷம் தபசு காலத்தில் ஆடியது. ஒருவரும் பக்தியைப் பற்றிக் கேட்கவில்லை. மஹய்யாவ பெயர் கொடுக்கவில்லை. பெயர் கொடுக்கும் கடைசி நாளுக்கு முந்திய நாள் நானே போனேன். தலைவர் வீதியோரத்தில் கான் வெட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மேலே ஏறி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, மரியாதையாக நின்றார். இந்தத் தடவை தாள் ஒட்டமாட்டேன் என்றேன். யாருக்கு யார் என்பது மைதானத்தில்தான் தெரியவரும், அவர்களால் ஓட முடியாது என்றேன். முழுவதையும் கேட்டார்.

“அங்க புள்ளி எழுதுறது இப்பவும் நீங்கதாங்களா?”

“நான்தான்.”

“அப்ப வேணாங்க கிளாக்கரய்யா,” என்றார். திரும்பக் கானுக்குள் இறங்கினார்.